82 கிலோவுக்கு ஒரு பலகை

ஸ்கேட்போர்டு வாங்க வருகிறவரிடம் விவரம் தெரிந்த கடைக்காரர் மூன்று விஷயம் கேட்பார். எடை எவ்வளவு? எங்கே ஓட்டப்போகிறீர்கள்? எப்படி ஓட்டப்போகிறீர்கள்? எடையில் நாலைந்து கிலோ குறைத்துச் சொல்லத்தான் நாக்கு வரும். இடத்தைக் கேட்டால், ஓட்ட ஆசைப்படும் இடத்தைச் சொல்லிவிடுவோம். மூன்றாவது கேள்விக்குத் துணிச்சல் வேண்டும். அது நம் பயத்தைப் பற்றிய கேள்வி. நாற்பதைத் தாண்டிய வயதில், வடசென்னையின் காத்திவாக்கத்தில் இருந்துகொண்டு ஸ்லாலம் பலகை ஒன்றைத் தேடியபோது, இந்த மூன்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொல்லப் பழகினேன். அந்தப் பழக்கம் எனக்குக் கொடுத்ததைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஸ்லாலம் என்றால், வரிசையாக வைத்த கோன்களுக்கு இடையே இடதும் வலதுமாக நெளிந்து ஓட்டுவது. நெருக்கமான ஓட்டத்தில் ஒரு கோனுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை மீட்டர், மிஞ்சினால் இரண்டு மீட்டர். குறைந்த நேரத்தில் கடப்பவருக்கு வெற்றி; தட்டிவிட்ட ஒவ்வொரு கோனுக்கும் நேரம் கூடும். 2021இல் டோக்கியோவில் ஸ்கேட்போர்டு முதல்முறையாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ஸ்ட்ரீட், பார்க் என்ற இரண்டு பிரிவுகளுக்குத்தான் இடம் கிடைத்தது. ஆனால் 1970களின் கலிஃபோர்னியாவில் ஸ்லாலம் பெரிய ஆட்டம். லா கோஸ்டா என்ற ஊரில் வீட்டுமனைகளுக்காகச் சாலை போட்டு, வீடுகள் வராமல் கிடந்த சரிவுகளில் ஓட்டினார்கள். புதுத் தார், நல்ல இறக்கம், குறுக்கே வண்டி கிடையாது. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

காத்திவாக்கத்தில் இறக்கமே இல்லை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். எல்லாம் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தட்டையாகக் கிடக்கும் மணல் பூமி. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 மார்ச் வரை இங்கேதான் ஓடியது. அதன் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எண்ணூர் விரைவுச் சாலை அகலமானதுதான். ஆனால் அது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களின் சாலை. நடந்து கடக்கவே இருபுறமும் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். உட்தெருக்களில் கடல் மணலும் சாம்பலும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் எப்போதும் கிடக்கும். இரண்டாவது கேள்விக்கு என் உண்மையான பதில் இந்த ஊர்தான். மாமல்லபுரத்து ஸ்கேட்போர்டு சாய்தளத்தையோ கிழக்குக் கடற்கரைச் சாலையின் வழவழப்பையோ மனதில் வைத்து வாங்கியிருந்தால் பலகை பரணில்தான் கிடந்திருக்கும்.

மூன்றாவது கேள்விக்கான பதிலை வெகுநாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் விரைவுச் சாலையில் ஒரு டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்பகுதி என் மோட்டார் சைக்கிளை ஓரத்துக்கு ஒதுக்கித் தள்ளியது. வலது முழங்காலில் அடி. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. சக்கரத்தின் மேல் ஏறினாலே தோளும் இடுப்பும் விறைத்துக்கொள்ளும். கண் முன்சக்கரத்துக்கு நேர் முன்னால் இருக்கும் ரோட்டை விட்டு நகராது. பைக்கை விற்றுவிட்டு, பெட்ரோல் விலையைக் காரணம் சொன்னேன். குத்துச்சண்டையும் கால்பந்தும் வளர்ந்த வடசென்னையில், ஒரு ஆண் தனக்கு வண்டி ஓட்டப் பயம் என்று வாய்விட்டுச் சொல்வது சுலபமில்லை.

அந்த நிலையில்தான் மாமல்லபுரத்தில் பிள்ளைகள் ஸ்கேட்போர்டில் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அந்த ஊர் மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலியைப் பற்றி எடுத்த 'கமலி' என்ற குறும்படம் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையான செய்தி படித்து, என் மகள் அழைத்துப் போகச் சொல்லியிருந்தாள். அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கால்கள் கூடவே மடங்கி நிமிர்ந்தன. அப்படி ஒரு இளக்கம் என் உடம்புக்குத் திரும்புமா என்ற கேள்வி வீடு வரும்வரை மனதில் ஓடியது.

சக்கரப் பலகை எனக்குப் புதிதல்ல. எங்கள் தலைமுறையில் இந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் பேரிங் வண்டி செய்தவர்கள். லாரி பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங் மூன்று, பலா அல்லது மாம்பலகை ஒன்று, திருப்புவதற்கு முன்னால் ஒரு குறுக்குக் கட்டை. சிமென்ட் தரையில் அது போகும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். எஃகு தரையைப் பிடிக்காது, திருப்பினால் வழுக்கும். மேலை நாட்டிலும் ஆரம்ப காலத்து ஸ்கேட்போர்டுகளுக்கு இரும்புச் சக்கரமும் களிமண் கலவைச் சக்கரமும்தான் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர், ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்திருந்த யூரித்தேன் சக்கரத்தைப் பலகையில் மாட்டிப் பார்த்தார். அது தரையைப் பிடித்தது, கல்லை விழுங்கிக்கொண்டு போனது. வேகமாகப் போகும்போதே வளைந்து திரும்ப முடிந்ததால் ஸ்லாலம் வளர்ந்தது. பேரிங் வண்டிக்கும் என் இன்றைய பலகைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்த ரப்பர் போன்ற வளையம்தான்.

முதலில் வாங்கியது லாங்போர்டு. ஒரு கல்லூரி மாணவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். சுமார் ஒரு மீட்டர் நீளம். ட்ரக் எனப்படும் அச்சுக் கூட்டைப் பலகையில் வெட்டிய துவாரத்தின் வழியே ஏற்றி மாட்டியிருப்பதால் பலகை தரைக்கு மிகக் கிட்டத்தில் இருக்கும். முழங்கால் போன ஆளுக்கு இந்தத் தாழ்வு பெரிய உதவி. தரையை உதைத்துத் தள்ளும்போது நிற்கும் கால் அதிகம் மடங்க வேண்டியதில்லை. இரண்டு ட்ரக்குக்கும் இடைவெளி 70 சென்டிமீட்டருக்கு மேல். நேராகப் போனால் ஆடாது, அசையாது. புதிதாகத் தொடங்கும் யாருக்கும், குறிப்பாக வயதானவர்களுக்கு, இதைத்தான் நான் சொல்வேன். பயம் தெளிய நீளம் வேண்டும். எனக்கும் அதில்தான் தெளிந்தது.

ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. நேராகப் போய்க்கொண்டே இருக்க எங்களுக்குத் தெரு இல்லை. குடியிருப்பின் உள்சாலை சிறிது தூரம் போய் முடிந்துவிடும். அத்தனை நீளப் பலகை குறுகலாகத் திரும்பவும் திரும்பாது. மகள் தண்ணீர் பாட்டில்களைப் பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, வரிசையாக வைத்தாள். இரண்டு மீட்டர் இடைவெளியில் லாங்போர்டு இரண்டாவது பாட்டிலையே தாண்டவில்லை. "அப்பா, இது பஸ்ஸுப்பா. ஆட்டோ வேணும்" என்றாள்.

ஏறி நிற்கும் பலகையை டெக் என்பார்கள். ஸ்லாலம் டெக்கைப் பற்றித் தேடத் தொடங்கியது அப்போதுதான். நீளம் 75 சென்டிமீட்டர் அளவு, இரு ட்ரக்குக்கும் இடைவெளி 45 சென்டிமீட்டர் அளவு. அதைவிட முக்கியமானது, நடுப்பகுதி மேல்நோக்கி லேசாகத் தூக்கியிருக்கும். கேம்பர் என்பார்கள். 1970களின் டர்னர் சம்மர்ஸ்கி பலகைகள் இந்த வளைவுக்கும் துள்ளலுக்கும்தான் பேர் போனவை. கார்டன் அண்ட் ஸ்மித் கம்பெனியின் ஃபைபர்ஃப்ளெக்ஸ் பலகையில், மரத்தின் மேலும் கீழும் ஒட்டிய கண்ணாடி இழைத் தகடு, வில்வித்தைக்கான வில் செய்வதற்காகத் தயாரான அதே பொருள். இதைப் படித்தபோது விஷயம் பாதி புரிந்தது. மீதியைப் புரியவைத்தவர் மணலிச் சாலையில் லாரிகளுக்குக் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கட்டும் பட்டறைக்காரர்.

நான் வேலை செய்வது கன்டெய்னர் யார்டில், கணக்குப் பிரிவில். டிரெய்லர் பில்களோடு அவர் வருவார். செல்போனில் இருந்த பலகைப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். லாரி அச்சைப் பார்க்கும் அதே கவனம். "இது கிங் பின், இது புஷ், இது வாஷர். எல்லாம் நம்ம ஐட்டம்தானே சார். இந்தப் பலகை ஏன் முதுகு தூக்கி நிக்குதுன்னு கேக்குறீங்களா? பட்டை எதுக்குத் தூக்கி நிக்குது? லோடு ஏறுனா சமத்துக்கு வரணும். லோடு இல்லாதப்பவே சமமா இருந்தா, ஏறுனதும் தொங்கிப்போவும். ரொம்ப கெட்டியா கட்டிட்டா எறங்கவே எறங்காது, வண்டி தூக்கித் தூக்கிப் போடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உங்க வெயிட்டு இன்னா?"

78 என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். யார்டிலேயே எடை மேடை இருக்கிறது. ஆனால் அது டன் கணக்கில் காட்டுவது. மருந்துக் கடையில் ஏறிப் பார்த்தேன். 82.

அந்த நாலு கிலோவை மறைத்திருந்தால், ஏறி நின்றதும் நடுவில் தொங்கும் பலகைதான் கிடைத்திருக்கும். டெக் தேர்வில் நான் கண்ட உண்மை இதுதான். அதன் அழகான படமோ மரத்தின் பெயரோ இரண்டாம் பட்சம். உங்கள் எடை ஏறியதும் வளைவு கிட்டத்தட்டச் சமமாகி, ஒரு நூல் அளவு மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் திருப்பத்தில் அழுத்தும்போது அது இறங்கவும், அழுத்தத்தை விடும்போது மேலே உந்தித் தரவும் இடம் இருக்கும். 60 கிலோ ஆளுக்குத் துள்ளும் பலகை எனக்குச் சேராது. என் பலகை அவருக்குக் கட்டையாக இருக்கும். அடுத்தவர் பலகையில் ஏறிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அதையே வாங்குவது ஆபத்து. நீளவாக்கில் வளைய வேண்டிய அதே பலகை குறுக்குவாக்கில் முறுக்கிக்கொள்ளவும் கூடாது. முறுக்கிக்கொண்டால், கால் கொடுக்கும் சாய்வு ட்ரக்குக்குப் போய்ச் சேராமல் பலகையிலேயே கரைந்துவிடும். கடையில் இரு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் திருகிப் பாருங்கள். அசையாமல் இருப்பதை எடுங்கள்.

வெளிநாட்டு ஸ்லாலம் டெக்கின் விலையும் சுங்கமும் என் மாதச் சம்பளத்துக்கு எட்டவில்லை. ஆனால் கண்ணாடி இழை எங்கள் குப்பங்களில் கிடைக்காத பொருளா? 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து, ஃபைபர் போட் பெருகிய கடற்கரை இது. நெட்டுக்குப்பத்தில் போட் பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் போனேன். பலகை செய்யப்போகிறேன் என்றதும் அவருக்கு என்னைவிட ஆர்வம்.

"மேட் போட்டா போதும்ணா, கல்லு மாரி நிக்கும்" என்றார் முதலில். மேட் என்பது இழைகளைத் துண்டு துண்டாக வெட்டித் தாறுமாறாகப் பரப்பிய பாய். அலை எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் தாங்க வேண்டிய படகுக்கு அது சரி. எனக்கு வேண்டியது விறைப்பு மட்டுமில்லை, திரும்பி எழும் துள்ளலும். துள்ளல் வேண்டுமானால் இழைகள் பலகையின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். முறுக்காமல் இருக்க இன்னொரு அடுக்கு கோணலாக, நாற்பத்தைந்து பாகையில் ஓட வேண்டும். நான் இதைக் கையால் காட்டியதும் பிடித்துக்கொண்டார். நெய்த ரோவிங் துணியை மூலைவாட்டில் வெட்டினார். நீள இழையை வேறு கடையில் தேடி வாங்கினோம். படகுக்குப் பூசும் பாலியஸ்டர் ரெசினை விட்டு எபாக்சி வாங்கச் சொன்னதும் அவர்தான். வளைந்து வளைந்து நிமிரும் மரத்தின் மேல் பாலியஸ்டர் நாளாவட்டத்தில் விரிசல் விடும். எபாக்சி மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

மரைன் பிளைவுட் மெல்லிய தகடுகளை ஒட்டி நடுக்கட்டை செய்தோம். வளைவு கொடுக்க அவர் கண்ட வழி எளிமையானது. பலகையின் நடுவில் ஒரு ரீப்பர் கட்டையை முட்டுக்கொடுத்து, இரு முனையிலும் மணல் மூட்டை ஏற்றிவிட்டார். ரெசின் இறுகும்வரை அப்படியே விட்டோம். எடுத்தபோது நடுவில் அரை சென்டிமீட்டர் தூக்கல் நின்றது. நான் ஏறி நின்றேன். அவர் குனிந்து அடியில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். "சமத்துக்கு வந்துருச்சுண்ணா. ஒரு நூலு மேல நிக்குது."

தொழிற்சாலைப் பலகைகளில் பெரும்பாலானவை மேப்பிள் மரத்தின் ஏழு தகடுகளை அழுத்தி ஒட்டியவை. மூங்கிலும் வருகிறது. என் பலகை அந்த அளவு நேர்த்தி இல்லை. ஓரம் கொஞ்சம் கனம். ஆனாலும் இந்த உப்புக் காற்றிலும் மழைக்காலத் தண்ணீரிலும் அடுக்கு பிரியாமல் நிற்கிறது. படகு செய்கிற கை செய்த பலகை ஆயிற்றே.

ட்ரக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. ஸ்லாலத்தில் முன் ட்ரக் செங்குத்தான கோணத்திலும் பின் ட்ரக் படுத்த கோணத்திலும் இருக்கும். சாய்ந்தால் முன்பக்கம் நன்றாகத் திரும்பும், பின்பக்கம் கொஞ்சமாகத் திரும்பித் தள்ளும். சக்கரம் 70 மில்லிமீட்டர், 80ஏ மென்மை. எங்கள் தெரு மணலுக்கு இதைவிடக் கடினமானது வழுக்கும். பேரிங் எல்லாம் 608 அளவு, உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். கடலோரத்தில் இருப்பவர்கள் விலை உயர்ந்த பேரிங்குக்குப் போக வேண்டாம். உப்பு விலை உயர்ந்ததையும் விடாது. சுமாரானதை வாங்கி, அடிக்கடி கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும்.

இனி ஓட்டுவது. இறக்கம் இல்லாத ஊரில் ஸ்லாலம் எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். தரையை ஒன்றிரண்டு உதை உதைத்துக் கிளம்பியபின் கால் கீழே படவே படாது. திருப்பத்தின் உள்ளே எடையை இறக்கி, பலகை வளைந்து நிமிரும் கணத்தில் இடுப்பை மறுபக்கம் திருப்பி எடையைத் தளர்த்தினால் பலகை முன்னே பாய்கிறது. இதைப் பம்ப் என்பார்கள். ஒவ்வொரு திருப்பமும் அடுத்த திருப்பத்துக்கு வேகம் தருகிறது. மேடு இல்லாத எங்களுக்கு அந்த அரை சென்டிமீட்டர் வளைவுதான் மேடு.

என் பயத்துக்கு இது ஏன் பொருந்தியது என்பதை நான் புரிந்துகொள்ள நாளானது. இறக்கத்தில் வேகத்தைப் பூமி தருகிறது. வேண்டாம் என்றாலும் தரும். சமதரையில் வேகம் என் இடுப்பிலிருந்தும் முழங்காலிலிருந்தும் மட்டுமே வருகிறது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். எவனோ திருப்பும் டிரெய்லரின் வாலில் என் உயிர் தொங்கும் நிலை இங்கே இல்லை. பயந்தவனுக்கு ஏற்ற ஆட்டம் இது என்று இன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். சொல்லக் கூச்சம் இல்லை.

கண்தான் கடைசியாகப் பழகியது. விபத்துக்குப் பின் முன்சக்கரத்தடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்த கண் அது. ஸ்லாலத்தில் தாண்டிக்கொண்டிருக்கும் கோனைப் பார்த்தால் அதன் மேலேதான் போய் ஏறுவீர்கள். இரண்டு கோன் தள்ளிப் பார்க்க வேண்டும். காலடியில் இருப்பதை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டும். மகள் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு, "என்னப் பாருப்பா, கீழ பாக்காத!" என்று கத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் மணல் கூட்டிவிட்ட பிறகு, பாட்டில் ஒன்றுகூட விழாமல் முடித்தேன். தோள் விறைக்கவில்லை. முழங்கால் அந்த மாமல்லபுரத்துப் பிள்ளைகளின் முழங்கால்போல மடங்கி நிமிர்ந்தது. அன்று மாலைதான் பைக்கை ஏன் விற்றேன் என்று மனைவியிடம் சொன்னேன். "தெரியும்ங்க, நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டே வேண்டுகோள். தலைக்கவசம், முழங்கால் காப்பு, மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் ஏறாதீர்கள். பெரிய சாலையில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். எங்கள் பக்கத்தில் அதிகாலைதான் நல்லது. வெயில் ஏறியதும் கடற்காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடும்.

இன்னொரு வேண்டுகோள் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் மாநகராட்சிக்கும். சக்கர விளையாட்டில் சென்னைக்குத் திறமை இருக்கிறதா என்று இனி யாரும் கேட்க முடியாது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றபோது அந்த அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரிராஜ் இருந்தார். ஆண்கள் அணியும் வெண்கலம் வென்றது. அதில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். 2025இல் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியில் அதே ஆனந்த்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். எண்ணூரின் பிள்ளைகள் 2023 டிசம்பரில் வெள்ளத்தையும் எண்ணெய்க் கசிவையும் அமோனியா வாடையையும் ஒரே மாதத்தில் பார்த்தவர்கள். அவர்களுக்கும் ஓட ஒரு தரை வேண்டும்.

பெரிய அரங்கம் கேட்கவில்லை. 1.8 மீட்டர் இடைவெளியில் 20 கோன் வைக்க 34 மீட்டர் சொச்சம். கிளம்ப 10 மீட்டர், நின்று அடங்க 15 மீட்டர். ஆக 60 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், மழைநீர் வடிய லேசான வாட்டம், மழமழவென்று தேய்த்த சிமென்ட் தரை. காத்திவாக்கத்தில் அடுத்த முறை விளையாட்டுத் திடலைச் சீரமைக்கும்போது அதன் ஒரு ஓரத்தில் இதைப் போட்டுக்கொடுங்கள். தினமும் காலையில் மணலைக் கூட்டிவிட நாங்கள் வருகிறோம்.